மனநல ஆலோசகருக்கும் ஆலோசனை: ஒரு விதி பிறந்த கதை

பிறர் மனத்தை ஆராயப் பயில்பவர், முதலில் தன் மனத்தை இன்னொருவரிடம் திறந்துகாட்ட வேண்டும். உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் இன்றும் இது கட்டாயம். ஆனால் இந்த விதி வகுப்பறையில் பிறந்ததல்ல.

1896 அக்டோபரில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டின் தந்தை இறந்தார். அந்தத் துக்கம் கிளறிவிட்டதையெல்லாம் மறுவருடம் தன் கனவுகளின் வழியே பிராய்ட் தானே ஆராய்ந்து, பெர்லினில் இருந்த நண்பர் ஃப்ளீஸுக்குக் கடிதங்களாக எழுதினார். அவரை ஆராய அன்று வேறு யார் இருந்தார்கள்?

1909இல் மாக்ஸ் ஐட்டிங்கான் என்ற இளம் மருத்துவர் வியன்னாவுக்கு வந்தார். வாரம் இருமுறை, இரவு உணவுக்குப் பின் இருவரும் நடக்கப் போவார்கள். ஐட்டிங்கான் தன் கனவுகளைச் சொல்வார், பிராய்ட் அவற்றை அலசுவார். ஐட்டிங்கானுடன் நடந்தபடி செய்த இத்தகைய ஆய்வே பயிற்சிக்கான முதல் பகுப்பாய்வு என்கிறார் பிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ்.

அதே ஆண்டில் கசப்பான செய்தி ஒன்றும் வந்தது. சூரிச்சில் மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடம் சிகிச்சைக்கு வந்தவர் சபீனா ஷ்பில்ரைன். இருவருக்குமிடையே வளர்ந்த நெருக்கத்தைப் பற்றி அந்தப் பெண்ணே பிராய்டுக்கு எழுதினார். பிராய்டோ யுங்கைத் தேற்றித்தான் பதில் போட்டார். ஷ்பில்ரைன் பட்ட வேதனைக்கு அது நியாயம் செய்யவில்லை. ஆனால் மருத்துவருக்குள் எழும் உணர்வும் சிகிச்சையில் கலந்துவிடுகிறது என்பதை பிராய்டால் அதன்பின் ஒதுக்க முடியவில்லை. தன் மனச்சிக்கல்கள் விடும் தூரம்வரைதான் மருத்துவரால் போக முடியும் என்று 1910இல் நியூரம்பெர்க் மாநாட்டில் பேசினார். பிறரை ஆராய்பவர் முதலில் தாம் ஆராயப்பட வேண்டும் என்ற நிபந்தனையை 1912இல் எழுத்திலேயே ஆதரித்தார். அதை முன்வைத்த பெருமையை யுங் சார்ந்த சூரிச் குழுவினருக்கே கொடுத்தார்.

சக மருத்துவர்கள் உடனே இணங்கிவிடவில்லை. 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் ஹெர்மன் நுன்பெர்க் இதை விதியாக்கக் கோரியபோது எதிர்ப்பு எழுந்து, கோரிக்கை தோற்றது. நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், வியன்னாவில் நடந்தபடி கனவு சொன்ன அதே ஐட்டிங்கான்தான். 1920இல் பெர்லினில் கார்ல் ஆபிரகாமுடன் சேர்ந்து அவர் தொடங்கிய மருத்துவமனையில், மாணவர்களின் மனத்தை ஆராய்வதற்கென்றே ஹான்ஸ் சாக்ஸ் வந்து சேர்ந்தார். தன்னைப் பற்றிய பகுப்பாய்வு, பாடம், மூத்தவர் கண்காணிப்பில் சிகிச்சை என்ற மூன்றும் சேர்ந்த பயிற்சி அங்கே உருவானது. 1925இல் அமைந்த பன்னாட்டுப் பயிற்சிக் குழுவுக்கும் ஐட்டிங்கானே தலைவர். ஒருமுறை போதாது, சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் மீண்டும் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்று 1937இல் பிராய்ட் எழுதினார்.

விதியோடு ஒரு கோளாறும் நுழைந்தது. மாணவர் மனம் திறந்து பேசிய அதே ஆய்வாளர், அந்த மாணவர் தேறுவாரா என்று நிறுவனத்துக்கு அறிக்கையும் கொடுத்தார். தேர்வாளரிடம் யார் தன் பயத்தையும் வெட்கத்தையும் சொல்வார்கள்? பின்னாளில் பல நிறுவனங்கள் அந்த அறிக்கை முறையைக் கைவிட்டன. கைவிட்டதே சரி.