மின்னழுத்த மாற்றிச் சில்லின் வரலாறு

மின்கலமொன்றின் அழுத்தத்தை அதனை ஆக்குவோர் தாம் விரும்பியவாறு அமைத்தல் இயலாது. அஃது அக்கலத்துள் அடங்கிய இரசாயனப் பொருள்களால் நிச்சயிக்கப்படுவது. நாகமும் காபனும் கொண்ட உலர்கலம் புதிதாயிருக்கும்போது ஏறக்குறைய 1.5 வோல்ற்றுத் தரும். பயன்பட்டுத் தேய்ந்தபின் 1 வோல்ற்றுக்கும் கீழே இறங்கிவிடும். இலிதியம் அயன் கலமோ முழுதும் மின்னேற்றப்பட்டவிடத்து 4.2 வோல்ற்றிலே தொடங்கி, ஏறக்குறைய 3 வோல்ற்றிலே ஓய்கின்றது. கலத்தால் இயங்கும் கருவி வேண்டுவது பெரும்பாலும் இவ்விரண்டுமல்லாத வேறோர் அழுத்தம். அதுவும் மாறாது நிற்கும் அழுத்தம். மின்னழுத்த மாற்றி தோன்றியது இம்முரண்பாட்டினின்றேயாம்.

ஆடலோட்டமாயின் முரணைத் தீர்த்தல் எளிது. 1831 ஆம் ஆண்டிலே பரடே கண்ட மின்காந்தத் தூண்டலின் வழிவந்த நிலைமாற்றி, அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லது. ஆனால், மின்கலம் தருவது நேரோட்டம். அதனை இடையிடையே முறித்து விட்டாலன்றி நிலைமாற்றி பயன்படாது. 1930 களிலே மோட்டார் வண்டி வானொலிகளில் இவ்வேலையைச் செய்தது அதிரும் உலோக நாக்கு ஒன்று. 6 வோல்ற்றுக் கலவடுக்கின் ஓட்டத்தை அது செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் முறித்துவிட, நிலைமாற்றி அதனை வால்வுகளுக்கு வேண்டிய உயரழுத்தமாக்கிற்று. பொறி பறந்து தொடுமுனைகள் தேய்தலும், ஓயாத இரைச்சலும் அதன் குறைகள். கையிற் கொண்டு திரியும் வானொலிக்கு இது பொருந்தாமையால், இழையைச் சூடாக்க 1.5 வோல்ற்றுக் கலமும், தகட்டுக்கு 67.5 அல்லது 90 வோல்ற்றுக் கலவடுக்குமாக இருவகைக் கலங்களைச் சுமப்பதே வழக்கமாயிற்று. 1954 இல் அமெரிக்காவில் வெளிவந்த றீஜென்சி டிஆர்-1 என்னும் திரான்சிற்றர் வானொலியுங்கூட 22.5 வோல்ற்றுக் கலவடுக்கையே வேண்டிற்று.

இதற்கிடையிலே வேறொரு நெறி, மின்கலத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி, வளர்ந்து வந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கிறைனாக்கர் என்பார், தம் கதிர்வீச்சு அளக்குங் கருவிக்குச் சூரிச் நகரத்து 110 வோல்ற்று ஆடலோட்டம் போதாமையால், கொள்ளளவிகளையும் சீராக்கிகளையும் இணைத்து அழுத்தத்தை இரட்டிக்கும் சுற்றொன்றை அமைத்து 1914 இல் வெளியிட்டார். பின்னர் அதனையே பல படிகள் கொண்ட ஏணியாக விரித்தார். துலாவினால் ஒரே வீச்சில் இறைக்க இயலாத ஆழத்து நீரைத் தொட்டி தொட்டியாக மேலேற்றுதல் போன்றது அம்முறை. 1932 இலே கேம்பிரிட்ஜ் கவண்டிசு ஆய்வுகூடத்தில் கொக்குரொவ்ற்றும் உவோல்ற்றனும் இத்தகைய ஏணியாற் பல இலட்சம் வோல்ற்றைப் பெற்று, புரோத்தன்களை முடுக்கி, இலிதியத்தின் அணுக்கருவைப் பிளந்தனர். 1951 இன் பௌதிக நோபல் பரிசு அதற்காக அவர்க்கு வழங்கப்பட்டது. ஓர் அறையையே நிரப்பி நின்ற அக்கருவி நகக்கண்ணளவினும் சிறிய சில்லினுள் ஒடுங்கும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

ஒடுக்குதலும் எளிதாயிருக்கவில்லை. சில்லின் மேல் அமைக்கத்தக்க கொள்ளளவி மிகச் சிறிது. அதனைச் சூழ்ந்த வேண்டாத கொள்ளளவமோ அதனோடு ஒப்பிடத்தக்க அளவு பெரிது. கொள்ளளவிகளைத் தொடராக அடுக்கிய பழைய ஏணியில், ஏற்றிய மின்னேற்றத்தின் பெரும்பகுதி வழியிலேயே கசிந்து வீணாகும். 1976 இலே யோன் டிக்சன் வெளியிட்ட கட்டுரை இவ்விடரை நீக்கிற்று. கொள்ளளவிகளின் அடிமுனைகளைத் தொடராக இணையாது, மாறி மாறித் துடிக்கும் இரு கடிகாரச் சைகைகளோடு நேரே இணைத்தார் அவர். மேற்படியிலுள்ள கொள்ளளவி முழு அழுத்தத்தையும் தாங்கவேண்டும் என்பதே அதற்குக் கொடுத்த விலை. நினைவகச் சில்லொன்றினுள்ளே 40 வோல்ற்றுப் பிறந்தது. மின்னேற்றப் பம்பி எனப்படுவது இதுவே.

அதன்பின் இன்ரர்சில் நிறுவனத்தின் ஐசிஎல்7660 என்னும் எட்டுக்காற் சில்லு, புறத்தே இரு கொள்ளளவிகளை மாத்திரம் துணையாகக் கொண்டு, நேர் 5 வோல்ற்றை மறை 5 வோல்ற்றாக மாற்றிற்று. மாக்சிம் நிறுவனத்தின் மாக்ஸ்232 என்பது 5 வோல்ற்றிலிருந்து ஏறக்குறைய 10 வோல்ற்றை நேராயும் மறையாயும் ஆக்கி, கணினிகளிடையே செய்தி கடத்தப் பெரிதும் பயன்பட்டது. பம்பி சக்தியைப் படைப்பதன்று. அழுத்தம் இருமடங்கானால் கலத்திலிருந்து இழுக்கும் ஓட்டமும் குறைந்தது இருமடங்காகும்.

பெரிய ஓட்டம் வேண்டியவிடத்துத் தூண்டற்சுருளே ஏற்றது. ஆளியை மூடும்போது சுருளிற் காந்தப்புலமாகத் தேங்கிய சக்தி, திறக்கும்போது வேறோர் அழுத்தத்தில் வெளிவரும். அதிரும் நாக்கின் தொழிலைத் திரான்சிற்றர் ஏற்றது. 1970 களின் நடுப்பகுதியிலே சிலிக்கன் ஜெனரல் நிறுவனத்தின் எஸ்ஜி1524, அவ்வாளியைக் கட்டுப்படுத்தும் உறுப்புக்களை ஒரே சில்லில் அடக்கிற்று. துடிப்பு விரையுந்தோறும் சுருள் சிறுக்கும். செக்கனுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை துடிக்கும் இக்காலச் சில்லுக்கு அரிசியளவான சுருளே போதும். இதன் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். 3.6 வோல்ற்றுக் கலத்திலிருந்து 1.2 வோல்ற்று வேண்டும் கருவிக்கு, எஞ்சிய அழுத்தத்தை வெப்பமாக்கி எரிக்கும் பழைய ஒழுங்காக்கியைப் பூட்டினால், கலத்தின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு வீணாம். ஆளி முறை மாற்றியோ பத்தில் ஒரு பங்களவையே இழக்கும். கைத்தொலைபேசியின் பெருமையைக் கணிக்கும் சில்லுக்கே அளித்தல் வழக்கமெனினும், அதனை நாள் முழுதும் இயங்கச் செய்வதிற் பெரும்பங்கு இம்மாற்றிகளுடையது.

டிக்சனின் பம்பியும் மறைந்துபோகவில்லை. தொலைபேசியில் ஒரு நிழற்படத்தைச் சேமிக்கும்போது, நினைவகச் சில்லினுள்ளே அதன் வழிவந்த பம்பியொன்று ஏறக்குறைய 20 வோல்ற்றை எழுப்பி, இலத்திரன்களை மெல்லிய காவற்படையினூடு தள்ளி அப்படத்தை அங்கே பதிக்கின்றது.