வைக்கோல் படுக்கையில் பிறந்த உலகப் பயணம்



"வெளிநாட்டுப் பயணமெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே? படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?" இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதுமே நம் அரங்கில் எழுந்த முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மளிகைச் செலவு என்று கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்தில், "விடுமுறைக்கு நண்பர்களோடு வெளியூர் போகிறேன்" என்று பிள்ளை வந்து நின்றால், அப்பாவின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவத்தான் செய்யும்.

இதற்கு உடனே பதில் சொல்லாமல், ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கையில் காசில்லாத மாணவனும் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. அதற்காக ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டார். அவர் பெரிய பணக்காரரோ மன்னரோ அல்லர், பள்ளிக்கூட வாத்தியார்.

மழையில் ஒதுங்கிய வகுப்பு

அவர் பெயர் ரிச்சர்ட் ஷிர்மன். ஜெர்மனியில் அல்டேனா என்ற சிறிய ஊரில் ஆசிரியராக இருந்தார். புகை மண்டிய தொழில் நகரங்களில் வளரும் பிள்ளைகள் காட்டையும் ஆற்றையும் புத்தகப் படத்தில் மட்டும் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நடந்துகொண்டே பாடம் நடத்தினார்.

1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அல்டேனாவிலிருந்து ஆகன் நகர் வரை எட்டு நாள் நடைப்பயணம். 26-ஆம் தேதி, ப்ரோல் என்ற பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. கூட்டமாகப் பிள்ளைகள், கையில் பெரிய பணம் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். ஒரு விவசாயி படுக்க வைக்கோலும் குடிக்கப் பாலும் கொடுத்தார்.

பிள்ளைகள் அசந்து தூங்கிவிட்டார்கள். ஆசிரியருக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே இடி முழங்கிய அந்த இரவில் அவர் மனத்தில் ஒன்று பட்டது. விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே பூட்டிக் கிடக்கின்றன? ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, அவற்றை ஏன் பிள்ளைகள் தங்கும் இடமாக்கக் கூடாது?

இந்த எண்ணம் தமிழர்களாகிய நமக்குப் புதிதல்ல. வழிப்போக்கருக்குத் திண்ணையும் யாத்திரிகருக்குச் சத்திரமும் கட்டி வைத்த மரபு நம்முடையது. ஷிர்மன் கேட்டதும் ஒரு சத்திரம்தான். ஆனால் அது இளையர்களுக்கான சத்திரம்.

தம்முடைய பள்ளியிலேயே ஆரம்பித்தார். விடுமுறையில் மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளி, வைக்கோல் மெத்தைகளைப் பரப்பினார். 1912-இல் அல்டேனாவின் பழைய கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளையர் விடுதி அமைந்தது. மூன்று அடுக்கு மரக் கட்டில்கள், ஒரு சமையல் அறை, குளிக்க ஓர் இடம். பிரபுக்கள் வாழ்ந்த கோட்டைக்குள் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். அந்தப் பழைய அறைகளை இன்றும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

போர்முனையில் ஒரு நினைப்பு

இது வெறும் சிக்கனக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஷிர்மனும் போர்முனைக்குப் போனார். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில், வோஸ்ஜ் மலைப்பகுதியில், ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த ஜெர்மானிய வீரர்களும் பிரெஞ்சு வீரர்களும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். இந்தப் பக்கத்து ரொட்டியும் இறைச்சியும் அந்தப் பக்கம் போயின. அந்தப் பக்கத்து மதுவும் சிகரெட்டும் இந்தப் பக்கம் வந்தன.

அதைக் கண்ட ஆசிரியர் யோசித்தார். எல்லா நாட்டு இளையர்களும் சந்தித்துப் பேசிப் பழக ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்? மலிவான படுக்கை என்று தொடங்கிய எண்ணம் அன்று இன்னும் பெரியதாயிற்று.

போருக்குப் பிறகு, 1919-இல் விடுதிகளுக்கான சங்கம் உருவானது. 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட விடுதிகள் இருந்தன. இங்கிலாந்திலும் 1930-இல் சங்கம் பிறந்தது. அங்கே ஓர் இரவுக்கு வாடகை ஒரு ஷில்லிங். தங்குகிறவர் தரையைக் கூட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். வேலையைப் பகிர்ந்துகொண்டதால் செலவு குறைந்தது. 1932-இல் 11 நாடுகளின் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி அனைத்துலகக் கூட்டமைப்பை அமைத்தன. அடுத்த ஆண்டு அதற்கு ஷிர்மன் தலைவரானார்.

ஆனால் அதே 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜெர்மனியின் விடுதிகள் ஹிட்லரின் இளைஞர் படையின் கைக்குப் போயின. அனைத்துலகத் தலைமைப் பொறுப்பிலிருந்தும் ஷிர்மன் 1936-இல் விலக நேர்ந்தது. மற்ற நாட்டவரை நண்பராக்கக் கட்டிய வீடுகள், அவர்களைப் பகைவராகப் பார்க்கப் பழக்கும் இடங்களாயின.

இதை நாம் மறந்துவிடக் கூடாது. கட்டடம் அதேதான். கட்டிலும் அதேதான். வாடகையும் மலிவுதான். ஆனாலும் நோக்கம் செத்துவிட்டது. பயணம் மலிவானால் மட்டும் மனம் விரிந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், எழுபது வயதைத் தாண்டிய ஷிர்மன் மறுபடியும் விடுதிகளைக் கட்டியெழுப்பும் வேலையில் இறங்கினார். 1961-இல் அவர் காலமானார்.

ரயிலும் ஜாலான் புசாரும்

படுக்கை கிடைத்தது. போய்ச் சேரும் வழி? அதற்கு ஐரோப்பிய ரயில்வேக்கள் 1972-இல் ஒரு வழி செய்தன. 21 வயது வரை உள்ள இளையர் ஒரே சீட்டில் 21 நாடுகளில் ஒரு மாதம் பயணம் செய்யலாம். இன்டர்ரெயில் என்று அதற்குப் பெயர். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம் இன்றுவரை நிற்கவில்லை. விடுதிக் காசையும் மிச்சம் பிடிக்க நினைத்த மாணவர்கள் இரவு ரயிலில் ஏறி, உட்கார்ந்தபடியே தூங்கி, விடியும்போது வேறு நாட்டில் இறங்கினார்கள்.

அதே 1972-இல், படிப்பை முடித்த டோனி வீலர் என்பவரும் அவர் மனைவி மாரீனும் லண்டனிலிருந்து ஒரு பழைய வண்டியில் கிளம்பினார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று தரை வழியாகவே வந்து, இந்தியாவையும் நம் வட்டாரத்தையும் கடந்து ஆஸ்திரேலியா சேர்ந்தபோது கையில் மிஞ்சியது 27 காசு. எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்து, 1973-இல் அதைச் சிறு புத்தகமாக்கினார்கள். லோன்லி பிளானட் என்ற வழிகாட்டி நூல் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

தென்கிழக்காசியாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பதற்கான அவர்களுடைய அடுத்த நூல் 1975-இல் வந்தது. அது எழுதப்பட்ட இடம் எது தெரியுமா? நம் சிங்கப்பூர். ஜாலான் புசார் சாலையில் பேலஸ் என்ற சாதாரண ஹோட்டலின் ஓர் அறை. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேர் அந்தச் சாலையைக் கடந்திருப்போம்!

ஆனால் அவர்கள் வந்த அந்தத் தரை வழி நீடிக்கவில்லை. 1979-இல் ஈரானில் புரட்சி நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தது. பாதை அடைபட்டுப் போயிற்று. திறந்த கதவுகள் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. கோவிட் தொற்றுக் காலத்தில் உலகெங்கும் விடுதிகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தோம். 2023-இல் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கம் 20 விடுதிகளை விற்பனைக்கு வைத்தது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். படிக்கிற பிள்ளைக்குப் பயணம் எதற்கு? ஷிர்மன் சொல்லும் பதில் எளிமையானது. முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தொட்டியில் தட்டுக் கழுவியவருக்கு, நாளைக்கு அவரைப் பகைவராக நினைப்பது அவ்வளவு எளிதல்ல.

மலிவு விலை விமானச் சீட்டு கிடைக்கும் காலம் இது. நம் பிள்ளைகள் முன்பைவிட அதிகமாகவே வெளியூர் போகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் போன இடத்தில் யாரோடு பேசினார்கள்? ஐந்து நண்பர்கள் சேர்ந்து போய், ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால், சீட்டு மலிவானதால் என்ன பயன்?

இளையர்களே, கையில் பணம் குறைவு என்று கூச்சப்படாதீர்கள். பகுதி நேர வேலையில் சேர்த்த வெள்ளியில் போங்கள். நடந்து பாருங்கள். பொது அடுப்பில் ரசம் வைத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். அவருடைய கதையைக் கேளுங்கள். பெற்றோர்களே, எங்கே தங்குகிறான், யார் பொறுப்பு என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்பி வையுங்கள்.

அந்த மழை இரவில் பள்ளிக் கதவைத் திறந்தவரும் வைக்கோல் கொடுத்த விவசாயியும், தாங்கள் உலகத்துக்கு ஏதோ பெரிய காரியம் செய்வதாக நினைத்திருக்க மாட்டார்கள். நனைந்து வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நாளைக்கு நம் ஊருக்கும் அப்படி ஒரு பிள்ளை முதுகில் மூட்டையோடு வந்து, தேக்காவில் வழி கேட்கலாம். நின்று சொல்லிவிட்டுப் போவோம்.