வாச்சாத்தி: காவல்துறை முன் முத்திரையும் அச்சமும்

வாச்சாத்தி, தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளம் நினைவுக்கு வரலாம்; ஆனால் இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்த 269 பேர் சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி இவ்வூருக்குள் நுழைந்தனர். அன்று தொடங்கிய வன்முறையில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் இடிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. 90 பெண்களும் 28 குழந்தைகளும் உட்பட 133 பேர் கைது செய்யப்பட்டனர்.

இந்நிகழ்வு பெரும்பாலும் சட்ட வரலாறாகவே எழுதப்படுகிறது. அதற்குள் ஓர் உளவியல் வரலாறும் உண்டு.

முத்திரை அச்சுறுத்தல்

தன் சமூகத்தின்மேல் குத்தப்பட்டுள்ள முத்திரையை வைத்தே பிறர் தன்னை எடைபோடுவார்கள் என்று ஒருவர் அஞ்சுவதையும், அந்த அச்சம் அவர் நடத்தையையே மாற்றிவிடுவதையும் உளவியலாளர்கள் முத்திரை அச்சுறுத்தல் (ஸ்டீரியோடைப் திரெட்) என்கின்றனர். அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் தேர்வுத் திறனை ஆராய்ந்த கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ஆகியோர் 1995இல் இதை விளக்கினர். 2015இல் சிந்தியா நஜ்டவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இதே கருத்தைக் காவல்துறையினருடனான சந்திப்புகளுக்குப் பொருத்திப் பார்த்தனர். காவலர் தங்களைக் குற்றவாளியாகவே பார்ப்பார் என்ற கவலை வெள்ளை இன ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. அக்கவலையால் பதற்றம் வருகிறது, ஒவ்வோர் அசைவையும் தானே கண்காணிக்கும் நிலை வருகிறது. பார்வை தாழ்கிறது, பேச்சு தடுமாறுகிறது. இவற்றைத்தான் காவலர்கள் குற்ற உணர்வின் அடையாளங்களாக வாசிக்கிறார்கள். அதாவது, குற்றமற்றவரின் அச்சமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

முத்திரை வந்த வழி

தமிழகத்தில் இதற்கு நீண்ட முன்கதை உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றத்துக்கு ஆதாரமாக்கிய சட்டம் அது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

வாச்சாத்திக்கு வந்த முத்திரை வேறு வழியில் வந்தது. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டத்துக்குப் பின், காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் அன்றாடப் புழக்கமே படிப்படியாகக் குற்றமாயிற்று. விறகும் மேய்ச்சலும் அனுமதிக்கு உட்பட்டன. 1980களின் இறுதியில் சந்தனக் கடத்தல் பெருகியபோது 'கடத்தல்காரர் ஊர்' என்ற பெயர் வாச்சாத்திமீது எளிதாக ஒட்டிக்கொண்டது. கூலிக்கு மரம் வெட்டுபவர் வேறு, அந்த மரத்தில் பணம் பார்ப்பவர் வேறு என்ற வேறுபாட்டை அந்தப் பெயர் மறைத்தது.

ஓட்டமும் மௌனமும்

சீருடையைக் கண்டதும் ஆண்கள் பலர் மலைக்கு ஓடினர். ஊரில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள், முதியோர், குழந்தைகள். ஓடியவர் குற்றவாளி என்று கொள்வது காவல் நிலையங்களில் பழகிப்போன தர்க்கம். முன்பே அடிபட்ட ஊருக்கோ ஓட்டம் தற்காப்பு.

இந்த இடத்தில் மேற்சொன்ன கோட்பாட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தவறாக எடைபோடப்படுவோம் என்பது ஓர் அச்சம். அடிபடுவோம் என்பது வேறோர் அச்சம். வாச்சாத்தி மக்களின் பயம் மனத்தில் தோன்றிய கற்பிதமன்று, அன்று மாலைக்குள் அது மெய்யாயிற்று. ஊர் ஆலமரத்தடியில் மக்கள் திரட்டப்பட்டனர். மறைத்துவைத்த சந்தனக் கட்டைகளைக் காட்டச் சொல்லி இளம் பெண்கள் ஏரிப் பக்கம் கொண்டுசெல்லப்பட்டனர். 'கடத்தல்காரி' என்ற முத்திரை அங்கே வன்முறைக்குச் சாக்காகப் பயன்பட்டது.

அடுத்து வந்தது மௌனம். பாதிக்கப்பட்ட பெண்கள் அரூர் வனத்துறை அலுவலகத்திலும் பின் சேலம் சிறையிலும் வைக்கப்பட்டனர். புகாரைப் பதிய வேண்டிய துறையினரே தாக்கியவர்களாக இருக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது? இத்தகைய தாமதத்தைப் பொய்ப் புகாரின் அடையாளமாக நீதிமன்றங்களில் வாதிடுவதுண்டு. முதலில் ஓட்டம் சந்தேகமானது போலவே பின்னர் மௌனமும் சந்தேகமாகிறது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் ஊருக்குச் சென்று பேசிய பின்னரே செய்தி வெளியுலகுக்கு வந்தது. அக்கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் வழக்குத் தொடர்ந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை, மக்கள் சொன்னதற்கு வலுச் சேர்த்தது. சீருடை அணியாத, ஆனால் அரசுப் பொறுப்பில் இருந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டார் என்பதை இந்த வரலாற்றில் சிறிய செய்தியாகக் கடந்துவிட முடியாது.

தீர்ப்புகள்

1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட அமர்வு நீதிமன்றம், அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் 17 பேர் தண்டனை பெற்றனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கு நேரில் சென்று பார்த்திருந்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே இவ்வூர் மக்கள் பலியாக்கப்பட்டனர் என்று தீர்ப்பு கூறியது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.