சென்ட்ரேலியா: நிலத்தடித் தீயால் காலியான நிலக்கரி நகரம்

சென்ட்ரேலியா, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கொலம்பியா கவுண்டியில் அமைந்துள்ள சிறு நிலக்கரிச் சுரங்க நகரம் ஆகும். 1890-இல் இங்கு 2,761 பேர் வாழ்ந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 பேரே எஞ்சியிருந்தனர். சுரங்கத் தொழிலின் வீழ்ச்சியால் மக்கள்தொகை முதலில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மீதமிருந்தோரை வெளியேற்றியது, 1962-இல் நிலத்தடி நிலக்கரிக்குள் புகுந்து இன்றுவரை எரியும் தீ. அத்தீயை அணைக்க எடுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும், அந்த நேரத்தில் தீ பரவியிருந்த அளவைவிடச் சிறியதாக இருந்ததே இந்நகரின் வரலாறு.

தோற்றம்

கிழக்குப் பென்சில்வேனியா, ஆந்திரசைட் எனப்படும் கடின நிலக்கரிக்குப் பெயர்பெற்றது. அதிகக் கரிமமும் குறைந்த புகையும் கொண்ட இவ்வகை நிலக்கரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகளுக்கும் இரும்பு உலைகளுக்கும் பெருமளவில் தேவைப்பட்டது. சென்ட்ரேலியா பகுதியில் 1856-இல் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. சுரங்க நிறுவனமொன்றின் பொறியாளரான அலெக்சாண்டர் ரே, தெருக்களையும் மனைகளையும் வகுத்து நகரை அமைத்தார். 1866-இல் இது முறையான நகராட்சித் தகுதி பெற்றது. இரண்டு ஆண்டுகளில் ரே கொலை செய்யப்பட்டார். மாலி மகுவயர்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளர் இரகசிய அமைப்பைச் சேர்ந்தவர்களாகக் கூறப்பட்ட மூவர், இக்கொலைக்காக 1878-இல் தூக்கிலிடப்பட்டனர்.

1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலையிழந்தோர் பிழைப்புக்காக, மூடிய சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி இறங்கி நிலக்கரி வெட்டினர். கூரையைத் தாங்குவதற்காக விட்டுவைக்கப்பட்டிருந்த நிலக்கரித் தூண்களையும் அவர்கள் வெட்டியெடுத்தனர். இதனால் சுரங்கங்கள் பல இடங்களில் இடிந்தன. வரைபடத்தில் இல்லாத வழிகளும் உருவாயின. பிற்காலத்தில் தீயைத் தொடர்ந்து செல்ல முயன்றவர்களுக்கு இது பெருந்தடையாயிற்று.

தீயின் தொடக்கம்

1962 மே மாதம், போர்வீரர் நினைவு நாளுக்கு முன்னதாக ஊரைத் தூய்மைப்படுத்த நகரசபை முடிவு செய்தது. கல்லறைத் தோட்டத்துக்கு அருகே, கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கக் குழி ஒன்று குப்பைக் கிடங்காகப் பயன்பட்டு வந்தது. அங்கிருந்த குப்பைக்குத் தீ வைக்கப்பட்டது. மேலே தெரிந்த தீ தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டது. ஆனால் குழியின் பக்கத்தில் அடைக்கப்படாமல் இருந்த ஒரு திறப்பின் வழியாகத் தீ பழைய சுரங்கத்துக்குள் சென்றுவிட்டது. தீயின் மூலம் குறித்து வேறு கருத்துகள் இருப்பினும், பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இதுவே.

நிலக்கரி எரிபொருளாகவும், பழைய சுரங்க வழிகள் காற்றுக் குழாய்களாகவும் அமைந்துவிட்டதால் தீ தானே வளர்ந்தது. அதே ஆண்டில் ஏறத்தாழ 20,000 டாலர் மதிப்பீட்டில் தீயைத் தோண்டியெடுக்கும் பணி தொடங்கியது. தோண்டும் வேகத்தைவிடத் தீ வேகமாக நகர்ந்தது. தோண்டிய பள்ளம் தீக்கு மேலும் காற்றைத் தந்தது. பணம் தீர்ந்ததும் பணி நின்றது. அடுத்து, துளைகள் இட்டு நீரில் கலந்த கல்தூளைச் செலுத்தி வழிகளை அடைக்க முயன்றனர். குளிர்காலத்தில் நீர்க்குழாய்கள் உறைந்தன. அத்திட்டமும் 1963-இல் நிதியின்றி முடிந்தது.

1966-இல் நகரம் தனது நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறப்பதற்காக நினைவுப் பொருள்கள் அடங்கிய பேழை ஒன்று மண்ணில் புதைக்கப்பட்டது. அப்போது தீ நான்காண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது.

ஆபத்தும் பிளவும்

1979-இல் ஊரின் பெட்ரோல் நிலையத்தில் நிலத்தடித் தொட்டியிலிருந்த எரிபொருளின் வெப்பநிலை ஏறத்தாழ 78 பாகை செல்சியசாக இருந்தது கண்டறியப்பட்டது. வீடுகளின் அடித்தள அறைகளில் கார்பன் மோனாக்சைடு வாயு புகுந்தது. 1981 பிப்ரவரி 14 அன்று, 12 வயதுச் சிறுவன் ஒருவனின் காலடியில் நிலம் திடீரெனப் பிளந்து பள்ளமானது. உறவினன் கைகொடுத்து இழுத்ததால் அவன் உயிர் தப்பினான். இந்நிகழ்வு நாடு முழுவதன் கவனத்தையும் ஈர்த்தது.

1983-இல் வெளியான ஆய்வு, தீயை முழுமையாகத் தோண்டியெடுக்க 60 கோடி டாலருக்கும் மேல் செலவாகும் என மதிப்பிட்டது. அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் 345 பேர் இடம்பெயர்வதற்கு ஆதரவாகவும், 200 பேர் எதிராகவும் வாக்களித்தனர். தீ எல்லா வீடுகளையும் ஒரே அளவில் தாக்கவில்லை. புகை புகுந்த வீட்டார் வெளியேறத் துடித்தனர். புகை எட்டாத தெருவினரோ ஊரைவிட்டுப் போக மறுத்தனர். தலைமுறைகளாகப் பழகிய அண்டை வீட்டார் இரு அணிகளாயினர்.

வெளியேற்றம்

1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இடப்பெயர்வுக்காக 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. பெரும்பாலோர் இழப்பீடு பெற்று அருகிலுள்ள ஊர்களில் குடியேறினர். 500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1990-இல் 63 பேரே இருந்தனர். 1992-இல் ஆளுநர் பாப் கேசியின் அரசு, எஞ்சிய வீடுகளையும் சட்டப்படி கையகப்படுத்தியது. ஊருக்கு அடியிலுள்ள விலையுயர்ந்த நிலக்கரியைக் கைப்பற்றவே தங்களை வெளியேற்றுகின்றனர் என்று தங்கியிருந்தோர் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தனர். அரசு இதை ஏற்கவில்லை. 2002-இல் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண் நீக்கப்பட்டது. 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, எஞ்சியோர் தம் வாழ்நாள் வரை அங்கேயே வசிக்கலாம். அதன்பின் வீடுகள் அரசைச் சேரும்.

இன்றைய நிலை

புல்லும் மரங்களும் வளர்ந்த மனைகளுக்கு இடையே தெருக்களின் தடங்களும், கல்லறைத் தோட்டங்களும் காணப்படுகின்றன. வெடிப்புற்று மூடப்பட்ட பழைய நெடுஞ்சாலைப் பகுதி, பார்வையாளர்களின் வண்ண எழுத்துகளால் பெயர்பெற்றிருந்தது. 2020-இல் அது மண் கொட்டி மறைக்கப்பட்டது. 1911-இல் கட்டப்பட்ட உக்ரேனியக் கத்தோலிக்கத் தேவாலயம், பாறை மீது அமைந்திருப்பதால் தப்பியது. ஊரைவிட்டுச் சென்றவர்கள் இன்றும் அங்கு வழிபட வருகின்றனர்.

நூற்றாண்டுப் பேழையைச் சிலர் தோண்டியெடுக்க முயன்றதால், 2014-இலேயே அது முன்கூட்டித் திறக்கப்பட்டது. முன்னாள் குடியிருப்பாளர்கள் கூடியிருந்தனர். உள்ளே தண்ணீர் புகுந்து பெரும்பாலான பொருள்கள் பாழாகியிருந்தன.

இத்தகைய தீ சென்ட்ரேலியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜரியா நிலக்கரி வயலில் 1916-இல் முதன்முதலாகத் தீ கண்டறியப்பட்டது. அங்கும் தீ எரிகிறது, மக்கள் இன்னும் அதன் மேல் வாழ்கின்றனர்.