அமெரிக்க – ரஷியப் பண்பாட்டுப் பரிமாற்றம்: அரசியலோடு திறந்து மூடிய கதவு

பனிப்போர் காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், 1958 ஜனவரி 27-ஆம் தேதி வாஷிங்டனில் பண்பாடு, கல்வி, தொழில்நுட்பப் பரிமாற்றத்துக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கையெழுத்திட்டவர்களின் பெயரால் அது 'லேசி – ஸரூபின் உடன்பாடு' எனப்படுகிறது.

1953-இல் ஸ்டாலின் மறைந்த பின்னர் இரு நாடுகளுக்கும் இடையிலான இறுக்கம் சற்றே தளர்ந்தது. 1955-இல் சோவியத் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸும் வயலின் கலைஞர் டேவிட் ஆய்ஸ்ட்ராக்கும் அமெரிக்க மேடைகளில் வாசித்தனர். அதே ஆண்டின் இறுதியில் கருப்பின அமெரிக்கக் கலைஞர்கள் நடித்த 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகம் லெனின்கிராடில் அரங்கேறியது. ஆயினும், வெளிநாட்டுப் பயணிகளின் கைரேகையைப் பதிவு செய்யும் அமெரிக்கச் சட்டம் தடையாக நின்றது. சோவியத் அரசு அதை அவமதிப்பாகவே கருதியது. 1957-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது உடன்பாட்டுக்கு வழிவகுத்தது.

1958 ஏப்ரலில் மாஸ்கோவில் நடைபெற்ற முதலாவது சாய்கோவ்ஸ்கி சர்வதேசப் போட்டியில் 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன் பியானோ பிரிவில் முதல் பரிசு வென்றார். நடுவர் குழுத் தலைவர் கிலெல்ஸ். அதே ஆண்டு மொய்செயெவ் நடனக் குழுவும் அடுத்த ஆண்டு பல்ஷோய் பாலேயும் அமெரிக்காவில் நிகழ்ச்சிகளை நடத்தின. 1959-இல் நியூயார்க்கில் சோவியத் கண்காட்சியும், மாஸ்கோவின் சொகோல்னிகி பூங்காவில் அமெரிக்கக் கண்காட்சியும் நடைபெற்றன. 1962-இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழு சோவியத் நகரங்களில் இசைத்தது.

மாணவர் பரிமாற்றத்தின் விளைவு இன்னும் ஆழமானது. 1958-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த சோவியத் மாணவர்களுள் ஒருவரான அலெக்சாந்தர் யாகவ்லெவ், பின்னாளில் கோர்பசேவின் நெருங்கிய ஆலோசகராகி, 'கிளாஸ்னோஸ்த்' எனும் வெளிப்படைக் கொள்கையை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவராக விளங்கினார்.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் பரிமாற்ற உடன்பாடு புதுப்பிக்கப்படாமல் போனது. 1985 நவம்பரில் ஜெனிவாவில் ரீகனும் கோர்பசேவும் சந்தித்தபோது புதிய உடன்பாடு கையெழுத்தானது. 1986 ஏப்ரலில், 1925-இல் தாயகத்தை விட்டு வெளியேறிய பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் மாஸ்கோவில் மீண்டும் வாசித்தார்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. பள்ளி மாணவர்களுக்கான 'ஃப்ளெக்ஸ்' பரிமாற்றத் திட்டத்திலிருந்து 2014-இல் ரஷியா விலகியது. உக்ரைன் மீதான தாக்குதலைத் தொடர்ந்து 2022-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா, ரஷியப் பாடகி அன்னா நெட்ரெப்கோவுடனான தொடர்பைத் துண்டித்தது. அரசுகளின் உறவு முறியும்போது முதலில் இழப்பைச் சந்திப்பவர்கள் கலைஞர்களும் மாணவர்களுமே என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.