எலி கேட்ட கேள்வி

படம் ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, அந்த நாய் ஏன் பூனையைக் கடிக்கல?"

நான் பதில் யோசிப்பதற்குள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியப்பா முந்திக்கொண்டார். "அப்படிக் கேளு தாயி. எலியும் இதையேதான் கேட்டுச்சு."

"எந்த எலி தாத்தா?"

அந்த எலியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன். நடுவில் கொஞ்சம் வரலாறு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் படம். பெயர் 'ஃப்ளோ'. லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்து 2024-இல் வந்தது. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. அந்த நாட்டுக்கே அதுதான் முதல் ஆஸ்கர். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய 'பிளெண்டர்' மென்பொருளில் செய்திருக்கிறார்கள் என்பது எங்கள் கம்ப்யூட்டர் ஜாதிக்கு இன்னொரு சந்தோஷம்.

கதை சின்னது. வெள்ளம் வந்து உலகமே மூழ்குகிறது. மனிதர்கள் யாரும் இல்லை. ஒரு கறுப்புப் பூனை, ஒரு நாய், கேப்பிபாரா (பன்றி சைஸுக்கு வளரும் எலி இனம்), ஒரு லெமூர், நெட்டைக்கால் பறவை ஒன்று, எல்லாம் ஒரே பாய்மரப் படகில். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் இது பெரிய வசதி. வழக்கமாகக் கார்ட்டூன் போட்டாலே மொழிச் சண்டை. மகளுக்கு ஹிந்தி, மனைவிக்குத் தமிழ், பெரியப்பாவுக்கு எதுவானாலும் சத்தம் அதிகமாக வேண்டும். இந்தப் படத்தில் கேட்பதெல்லாம் நிஜ விலங்குகளின் குரல்கள். கேப்பிபாராவின் சொந்தக் குரல் சரிப்படாததால், ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பூனையும் நாயும் நண்பர்கள் என்று படம் எடுப்பது சுலபம். இரண்டுக்கும் பெரிய கண்ணாக வரைந்து, கட்டிப்பிடிக்கவிட்டு, ஒரு பாட்டும் வைத்துவிட்டால் முடிந்தது. அப்படி வருஷத்துக்குப் பத்து வருகிறது. நல்லது எது, சும்மா எது என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் அந்த எலி.

பஞ்சதந்திரத்தின் இரண்டாவது பகுதி சுகிர்லாபம், அதாவது நண்பர்களைப் பெறுதல். வேடன் வலையில் புறாக்கூட்டம் சிக்குகிறது. புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவன் சொல்லி, எல்லாம் ஒரே சமயத்தில் வலையோடு பறக்கின்றன. நேராகப் போய் இறங்குவது இரணியகன் என்ற எலியின் வளைக்கு. எலி முதலில் அரசனின் கட்டைக் கடிக்க வருகிறது. "முதலில் என் கூட்டத்தார் கட்டை அறு" என்கிறான் அரசன்.

இதுவரை நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்ததைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். இதையெல்லாம் மரத்திலிருந்து பார்த்த காக்கை ஒன்று, "என்னையும் நண்பனாக ஏற்றுக்கொள்" என்று வளை வாசலில் வந்து கேட்கிறது. எலி வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்கிறது: நீ தின்கிறவன், நான் தின்னப்படுகிறவன், நமக்குள் எப்படி நட்பு வரும்? காக்கை பட்டினி கிடப்பேன் என்கிறது, வாதாடுகிறது. எலி எளிதில் மசியவில்லை. நூறு வாசல் உள்ள வளையில் குடியிருக்கும் பிராணி அது! நட்பு வருகிறதுதான், ஆனால் மெதுவாக, பயத்தோடு.

இந்தக் கதை போன தூரம் கொஞ்சமல்ல. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் எழுதினார். அங்கிருந்து ஐரோப்பா. நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரத்தை எழுதியவர் தாண்டவராய முதலியார், சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அச்சில் வந்தது 1826-இல். அவர் எந்த மொழியிலிருந்து எடுத்தார் தெரியுமா? மராத்தியிலிருந்து! ஸ்கூலில் மராத்தி கட்டாயம் என்று மூக்கால் அழும் என் மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பம்பாயில் இந்தக் கதை படமான விஷயமும் சுவாரசியமானது. பெடர் ரோட்டில் ஃபிலிம்ஸ் டிவிஷன் இருந்ததல்லவா (2022-இல் அதை என்எஃப்டிசியோடு இணைத்துவிட்டார்கள்), அங்கே 1956-இல் கார்ட்டூன் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். கற்றுக்கொடுக்க டிஸ்னி ஸ்டூடியோவில் 'பாம்பி' போன்ற படங்களில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்தார். 1957-இல் 'பேனியன் டீர்' வந்தது. சினைமானுக்குப் பதிலாகத் தன் தலையை நீட்டும் மான் அரசன், அதைப் பார்த்து மனம் மாறும் மனித அரசன் என்ற ஜாதகக் கதை.

அப்போது அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். மதராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்காக பம்பாய் வந்தவர், படிப்பை விட்டுவிட்டு படம் வரையப் போனார். (வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) பின்னாளில் யுனிசெஃபுக்காக 'மீனா'வை உருவாக்கியதில் அவர் பங்கு பெரியது. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனாவுக்காக அவளுடைய கிளி மிட்டு வகுப்பு ஜன்னலுக்குப் போய்ப் பாடம் கேட்டு வந்து சொல்லும். கிளி கிளியாகவே இருந்து உதவுகிறது, பாருங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதானே அதற்குத் தெரியும்?

அதே ஃபிலிம்ஸ் டிவிஷனில் பின்னணி ஓவியராக இருந்து வந்தவர் பீம்சைன். பம்பாயில் பிறந்த விஜயா முலே 1974-இல் இயக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'வுக்கு அனிமேஷன் செய்தது அவர்தான். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படம் கண்ணுக்குள் ஓடும். 1980-களின் கடைசியில் திருநெல்வேலியில், ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன் நான். அதே சுகிர்லாபம்தான். பறவைகள், வலை, எலிகள்.

ஒற்றுமைக்காக எடுத்த படம் அது, சரி. ஆனால் பறவைகள் ஒன்றுசேர்ந்ததால் மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடிந்தது, அவ்வளவுதான். அறுத்துவிட வேறு ஜாதி, வேறு பல் வேண்டியிருந்தது. நம் சங்கக் கூட்டங்களில் மேடைக்கு மேடை ஒற்றுமை பற்றிப் பேசும்போது எனக்கு இந்த எலிகள் ஞாபகம் வரும்.

இதை அன்றைக்குச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

பெரியப்பா 1962-இல் பம்பாய் வந்தவர். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒற்றை அறை. 1960-களின் கடைசியில் தென்னிந்தியர்களை எதிர்த்துக் கோஷம் கிளம்பியது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் சாயங்காலம் தெருவில் ஒரு கடையின் தமிழ் போர்டை உடைத்துவிட்டார்கள். பெரியம்மா கைக்குழந்தையோடு இருந்தார். பக்கத்து அறை மராத்தி அம்மா வந்து, ஒரு பேச்சும் இல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாராம். இவர்கள் பின்னாலேயே போகவேண்டியதாயிற்று. இரண்டு ராத்திரி அங்கேதான்.

"முதல் ராத்திரி நான் தூங்கலடே," என்றார். "அந்தம்மா புருஷன் வெளிய போயி யார்கிட்டயாவது சொல்லிருவானோன்னு கதவையே பாத்துட்டு இருந்தேன். அவரு நல்லா குறட்டை விட்டுத் தூங்குனாரு. ரெண்டாவது ராத்திரிதான் எனக்கும் கண்ணு மூடுச்சு."

"அப்புறம் ரெண்டு வீடும் ஃபிரெண்ட்ஸ் ஆயிட்டீங்களா தாத்தா?"

"எங்க! அடுத்த வாரமே உங்க ஆச்சிக்கும் அந்தம்மாவுக்கும் குழாயடில சண்டை. நம்ம கருவாடு வறுத்தா அவங்க ஜன்னலச் சாத்திருவாங்க. ஆனா உங்க அத்தை கல்யாணத்துக்கு முத ஆளா வந்து நின்னது அவங்கதான்."

"அந்தப் பாட்டி பேரு என்ன?"

பெரியப்பா யோசித்துப் பார்த்தார். வரவில்லை. "எல்லாரும் தாயின்னுதான் கூப்பிடுவோம்." மராத்தியில் அது அக்கா. ஊரிலிருந்து புதிதாய் வந்த பெரியம்மா, ரொம்ப நாள் அதை நம்ம ஊர் 'தாயி' என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது மார்க் போடலாம். 'ஃப்ளோ' அந்த எலியின் கேள்வியிலிருந்து தப்பித்து ஓடவில்லை. பூனை முதலில் நாயைக் கண்டாலே உடம்பைச் சிலிர்க்கிறது. பூனைக்காகத் தன் கூட்டத்தையே எதிர்க்கிற பறவைக்கு இறக்கை அடிபடுகிறது, கூட்டமும் அதை விட்டுவிட்டுப் போகிறது. நட்புக்கு விலை இருக்கிறது. கடைசியில் மரத்தில் தொங்கும் படகிலிருந்து கேப்பிபாராவைக் காப்பாற்ற எல்லாம் கயிறு இழுக்கும்போது முயல் ஒன்று ஓடுகிறது. நாய்கள் கயிற்றை விட்டுவிட்டுத் துரத்திக்கொண்டு போகின்றன! என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாய் திரும்பி வருகிறது. நாய் நாயாக இருப்பதும் உண்மை, திரும்பி வருவதும் உண்மை. குழாயடிச் சண்டையும் கல்யாண வீடும் மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வெள்ளக் காட்சிகள் பயங்கரம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது இடுப்பளவு தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தவன் நான். எனக்கே இரண்டு இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. ஐந்து ஆறு வயசுக் குழந்தைகளைத் தனியாகப் பார்க்கவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள். படத்தில் வசனம் இல்லாததால் நடுவில் பேச நிறைய இடம் இருக்கிறது.

என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. மகள் பத்து கொடுத்தாள். பெரியப்பா மார்க் எதுவும் சொல்லவில்லை. முயலைத் துரத்திப்போன மற்ற நாய்கள் வந்துசேர்ந்ததா என்று மட்டும் கேட்டார்.