கடலை மறைத்த சாலை

லுணுகலை மலைச்சரிவுகளிலே கொய்யப்படும் கொழுந்து, தேயிலையாகிப் பசறை, பதுளை வழியே மலையிறங்கிக் கொழும்புத் துறைமுகத்திற் கப்பலேறுகின்றது. அவ்வாறே கொழும்பு செல்லும் தோட்டத்து மக்கள், கைக்காசு செலவின்றிக் கண்டு மகிழத்தக்க இடம் அந்நகரில் ஒன்றுண்டு. அதுவே காலிமுகத்திடல்.

அது தானாக எஞ்சிய வெளியன்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அங்கே கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்டிரும் பிள்ளைகளும் நலன் பெறும்பொருட்டு அதனைப் பேணுமாறு, தமக்குப்பின் வருவோரை வேண்டிக் கல்லும் நாட்டப்பட்டது. பின்னர் அமைந்த தெற்குப் புகையிரதப் பாதையும் திடலை விட்டு உள்ளொதுங்கிச் சென்று, கொள்ளுப்பிட்டியிலேதான் கடலை அடைகின்றது. அதற்கப்பால் தண்டவாளத்தைக் கடந்தே அலையருகிற் செல்லவேண்டும்.

இக்காலத்திலோ, திடலின் வடபுறத்தே 269 ஹெக்டேயர் கடல் தூர்க்கப்பட்டுத் துறைமுக நகரத்துக்கு நிலம் ஆக்கப்பட்டுள்ளது. களனிப் பாலத்தருகிலிருந்து அதனை நோக்கித் தூண்கள்மீது சுமார் 5 கிலோமீற்றர் சாலை அமைக்க, ஆசிய அபிவிருத்தி வங்கி 2018இல் கடனுதவிக்கு இசைந்தது. துறைமுகத்துக்கு லொறிகள் தடையின்றிச் செல்லவேண்டும். தேயிலையால் வாழும் மலைநாட்டார் அதனை மறுத்தல் இயலாது. எனினும், நீரோரத்தில் எழும் தூண்சாலை மக்களுக்கு யாது செய்யும் என்பதை அறிய, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை நோக்குதல் தகும்.

அந்நகரின் நீர்முகப்பிலே, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு கூடிய படகுத்துறை மண்டபம் 1898இல் திறக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திலும் அது வீழவில்லை. அதன் முன்னே 1959இல் எம்பார்கடேரோ என்னும் ஈரடுக்கு நெடுஞ்சாலை எழுந்தது. நகரத்தார்க்கு நீரும் மண்டபமும் மறைந்தன. தூண்களின் நிழலே எஞ்சிற்று. மக்கள் வெகுண்டனர். அவ்வாண்டிலேயே நகரசபை, திட்டமிட்ட பத்து நெடுஞ்சாலைகளுள் ஏழினை நிராகரித்தது. எம்பார்கடேரோ சாலையும் எண்ணிய தூரம் செல்லாது, பிராட்வே வீதியருகே பாதியில் நின்றது.

ஆயினும், அதனை இடிக்கலாமா என்று 1986இல் வாக்கெடுத்தபோது, வேண்டாமென்றே பெரும்பான்மையோர் கூறினர். பழகிப்போன இடையூறும் மக்களுக்கு வசதியாகத் தோன்றும் போலும்! 1989 ஒக்டோபர் 17இல் நிலம் நடுங்கியது. அண்டை நகரான ஓக்லண்டில் இதனையொத்த ஈரடுக்குச் சாலை இடிந்து 42 பேர் மாண்டனர். எம்பார்கடேரோ சாலை சிதைந்ததேயன்றி விழவில்லை. அதனைச் செப்பனிடுவதா, அகற்றுவதா என்ற வினா எழுந்தது.

நகரமுதல்வர் ஆர்ட் ஆக்னோஸ் அகற்றவேண்டும் என்றார். சீனர் பகுதியின் வணிகரோ கடுமையாக எதிர்த்தனர். அவர்தம் கடைகளுக்கு வாடிக்கையாளரைக் கொணர்ந்தது அச்சாலையே. அவர்களது முறையீடு வெறும் பிடிவாதமன்று. நகரசபையில் ஒரே வாக்கு வேறுபாட்டால் முதல்வரின் கருத்து வென்றது. 1991இல் இடிக்கும் வேலை தொடங்கிற்று; அவ்வாண்டுத் தேர்தலிலேயே ஆக்னோஸ் பதவியிழந்தார்.

தூண்கள் நின்ற இடத்திலே தரைமட்டத்தில் அகன்ற வீதி அமைந்தது. இருமருங்கும் பனையின மரங்கள், நடுவே டிராம் வண்டிப் பாதை, நீரோரத்தில் நடைபாதை. வீதியைக் கடந்தால் நீர்! படகுத்துறை மண்டபமும் 2003இல் அங்காடியாகப் புத்துயிர் பெற்றது. சாலையை இழந்த சீன வணிகர்க்கு ஈடாகக் கேட்கப்பட்ட நிலக்கீழ்ப் புகையிரதம் மட்டும் அவர்கள் பகுதியை எட்டியபோது, ஆண்டு 2022 ஆகிவிட்டது.